பேர் சொல்லிக் கூப்பிட்டவள்

என் புருஷனை நான் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அந்தப் பேர் என்ன என்பதை இங்கே எழுதப் போவதில்லை. பயந்துகொண்டு எழுதாமல் விடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எழுதினால் படிக்கிற நீங்கள் எல்லோரும் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பீர்கள். அது நான் கூப்பிடுவதற்கென்று இருந்த பேர். உங்களுக்கு எதற்கு?

நாங்கள் உத்திரமேரூர் ஏரித் தண்ணீர் பாயும் நிலங்களில் கூலிக்கு நட்டு, கூலிக்குக் களை எடுத்து, கூலிக்கு அறுத்துப் பிழைத்தவர்கள். சொந்தம் என்று சொல்ல ஒரு குழி நிலம் கிடையாது. வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷங்கள் கழித்து எனக்குக் கல்யாணம் ஆனது. ஒரே அறை கொண்ட கூரை வீடு. அதில் அவர், நான், அவருடைய அம்மா. அவர் தவழ்ந்துகொண்டிருந்த வயதிலேயே அவருடைய அப்பா வாந்திபேதியில் போய்விட்டார். அதற்குப் பிறகு என் மாமியார் ஒண்டியாக நாற்று நட்டு, கதிர் பொறுக்கி, அந்த ஒரே பிள்ளையை ஆளாக்கினாள். அதை நான் என்றைக்கும் குறைத்துப் பேசியதில்லை. அவள் பட்ட பாடு வேறு, அவள் சொன்னதற்கெல்லாம் நான் தலையாட்டுவது வேறு.

எங்கள் தெருவில் எந்தப் பொம்பளையும் புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும். ஒரு தடவை சொன்னால் எவ்வளவு குறையும் என்று கேட்டால் ஒருத்திக்கும் தெரியாது, ஆனால் குறையும். ஓட்டுப் போடும் இடத்தில் கேட்டாலும் சரி, ஆஸ்பத்திரியில் கேட்டாலும் சரி, பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்லி முதுகில் இடிப்பாள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரியின் புருஷனுக்கு ஒரு தமிழ் மாதத்தின் பேரை வைத்துவிட்டார்கள். வருஷா வருஷம் அந்த மாதம் வந்தால் அவள் பாடு திண்டாட்டம். "பங்குனிக்கு அப்பால வர்ற மாசத்துல எங்க அம்மா வூட்டுக்குப் போறேன்" என்பாள். நான் சிரிப்பேன். "உனக்கு இன்னா, சிரிப்பு பொத்துக்கினு வருது" என்று முறைப்பாள்.

அப்படியானால் புருஷனை எப்படிக் கூப்பிடுவது? தா, யோவ், இந்தாய்யா. பிள்ளை பிறந்தால் அந்தப் பிள்ளையோட அப்பா. உழுகிற மாட்டுக்குப் பேர் வைத்துச் சத்தமாகக் கூப்பிட்ட ஊர் அது. கட்டின புருஷனுக்குத்தான் 'தா'. இன்னொன்றும் சொல்கிறேன். பெண்டாட்டியின் பேரோடு கெட்ட வார்த்தையையும் சேர்த்துத் தெரு முழுக்கக் கேட்கக் கத்திய ஆம்பிளைகள் அங்கே இருந்தார்கள். அதனால் அந்தப் பெண்டாட்டிகளின் ஆயுசு குறையுமே என்று ஒருத்தனும் கவலைப்பட்டதில்லை.

எங்களுக்குள் இது ஆரம்பித்தது ஏரிக்கரைமேல். கல்யாணமாகி முதல் வருஷம், உத்திரமேரூர் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் முன்னால் கையை வீசிக்கொண்டு போகிறார். நான் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் வருகிறேன். அதுதான் வழக்கம். புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக நடந்தால் ஊர் தாங்காது. அவர் நடை வேகம். எனக்கு மூச்சு வாங்கியது.

"இந்தாய்யா, கொஞ்சம் நில்லு."

அவர் நிற்கவில்லை.

"யோவ், உன்னத்தான். காது கேக்கல?"

திரும்பாமலே பதில் சொன்னார். "இந்தாய்யான்னு எனக்கு எங்கம்மா பேரு வெக்கல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கூடையை இறக்கிக் கரைமேல் வைத்துவிட்டு நானும் உட்கார்ந்துவிட்டேன். இனி அவராகத்தான் வரவேண்டும். வந்தார். என்னையும் கூடையையும் பார்த்தார்.

"சரி, ஒரு பந்தயம்," என்றார். "இந்தக் கூடைய மதகு வரைக்கும் நான் தூக்கினு வரேன். நீ என் பேர ஒரு தபா சொல்லணும்."

"அய்ய, அது பாவம்."

"பாவம் என் தலமேலதான? அத நான் பாத்துக்கிறேன். நீ சொல்லு."

கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். எதிரே வந்தவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தர் வண்டியை நிறுத்தி, "இன்னாப்பா, பொஞ்சாதிக்குக் கூலியாளா பூட்டியா?" என்று கேட்டார். இவர், "ஆமா, நல்ல எடம், நீயும் வர்றியா?" என்றார். மதகுக்கு வந்து கூடையை இறக்கிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். நான் நாலு பக்கமும் பார்த்தேன். யாரும் இல்லை. சொன்னேன். முதல் தடவை பாதிப் பேர்தான் வெளியே வந்தது. அவர் திரும்பவில்லை. மறுபடி முழுசாகச் சொன்னேன். திரும்பினார். கல்யாணத்தில் தாலி கட்டியபோதுகூட அவர் என்னை அப்படிப் பார்க்கவில்லை.

அன்றைக்குப் பிடித்தது. அப்புறம் அவருக்குச் செவிட்டு வியாதி வந்துவிட்டது. வைக்கோல் போருக்குப் பின்னால், பனைமரத்து மறைவில், யாரும் இல்லாத வரப்பில், நான் எத்தனை 'இந்தாய்யா' போட்டாலும் காதில் விழாது. பேரைச் சொன்னால் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு "உள்ளேன் ஐயா" என்பார். பள்ளிக்கூடத்தில் ரெண்டாம் வகுப்பு வரைக்கும் அவர் படித்த படிப்பில் மிஞ்சியது அது ஒன்றுதான். எனக்கும் பயம் விட்டுப் போயிற்று. கோபம் வந்தால் அந்தப் பேரைக் கடித்துச் சொல்வேன். காரியம் ஆகவேண்டும் என்றால் இழுத்துச் சொல்வேன். ஒரு நாள் துணிந்து கடைசியில் ஒரு 'டா' சேர்த்தேன். மனுஷன் சிரித்துச் சிரித்து வைக்கோலில் சரிந்துவிட்டார்.

கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டு, ஒழுகும் கூரைக்கு அடியில், மாமியாரோடு ஒரே அறையில் குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள். பூவும் புடவையும் வாங்கித் தர அவரிடம் ஒன்றும் கிடையாது. எங்களுக்கு இருந்த சந்தோஷம் இந்த விளையாட்டுத்தான். அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

மாட்டிக்கொண்டது எங்கள் மகளால். அவளுக்கு அப்போது பேச்சு வந்து கொஞ்ச காலம்தான். நாங்கள் எதைச் சொன்னாலும் அப்படியே சொல்வாள். ஒரு சாயந்திரம் மாமியார் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். அவர் வேலை முடித்து வாசலில் வந்து நின்றார். இந்தக் குழந்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, நான் இழுப்பது மாதிரியே இழுத்து, அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. அவர் பழக்கதோஷத்தில் "உள்ளேன் ஐயா" என்றுவிட்டார்.

மாமியார் ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"கொயந்தைக்கு யார்டி சொல்லிக்குடுத்தது?"

என் முகமே சொல்லியிருக்கும்.

"எம்புள்ள பேர உன் வாயால சொல்றியா? எத்தினி நாளா நடக்குது இது? ஒண்ணே ஒண்ணு பெத்து வெச்சிக்கினு கீறேன். அதையும் முயுங்கப் பாக்கிறியா?"

அவர் குறுக்கே போய், "நான்தாம்மா சொல்லச் சொன்னேன்" என்றார். அது அவள் காதில் ஏறவில்லை. மறுநாள் கிணற்றடியில் தெருவே என்னைப் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரி, பங்குனிக்கு அடுத்த மாதத்துக்காரி, "புருசன் பொஞ்சாதின்னா ஒரு அடக்கம் வோணாம்?" என்று கேட்டாள். "அடக்கமா இருந்து நீ இன்னாத்த வாரிக் கட்டிக்கின?" என்று கேட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை. குழந்தை இல்லாத இடமாகப் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்கு விஷ ஜுரம் வந்தது.

முதல் வாரம் கஷாயம், அப்புறம் மந்திரிப்பு. ஜுரம் இறங்கவில்லை. பேச்சு குழறியது. ஆளை அடையாளம் தெரியவில்லை. மாட்டு வண்டியில் போட்டு உத்திரமேரூர் டாக்டரிடம் கொண்டுபோனோம். ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, "பாக்கலாம்" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்ததும் மாமியார் என் கையைப் பிடித்தாள்.

"வா கோயிலுக்கு."

எங்கள் தெருக் கோடியில் அம்மன் கோயில். பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றி நீட்டினார். தெருப் பொம்பளைகள் சுற்றி நின்றார்கள். கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அதை மீறக்கூடாது. மீறினால் யாருக்காகச் சத்தியம் செய்தோமோ அவரையே அது பிடிக்கும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு.

"இனிமே அந்தப் பேர உசுரு கீற வரைக்கும் சொல்ல மாட்டேன்னு அணைச்சிக் குடு," என்றாள் மாமியார். அவள் அழவில்லை. என் காலில் விழப் போனாள். நான் பிடித்துக்கொண்டேன். எனக்கு அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை. அவர் பிழைக்க வேண்டும். கற்பூரத்தை அணைத்தேன். உள்ளங்கை கன்றிப்போனது.

அவர் பிழைத்துவிட்டார். டாக்டர் போட்ட ஊசியால் என்று யாரும் சொல்லவில்லை. நான் வாயை மூடியதால்தான் பிழைத்தார் என்றார்கள். ராத்திரியும் பகலும் காதில் அதையே போட்டுக்கொண்டிருந்தால் யார்தான் நம்பாமல் இருப்பார்கள்? நானும் நம்பினேன். என் வாய்க்குள் ஒரு விஷம் இருக்கிறது, அதைத் திறந்தால் அவர் போய்விடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

தலைமுடி எல்லாம் கொட்டி, எலும்பும் தோலுமாக எழுந்து உட்கார்ந்த மனுஷன் முதலில் செய்தது என்ன தெரியுமா? கஞ்சி கொண்டுபோய், "இந்தாய்யா, கஞ்சி" என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். செவிட்டு வியாதி. உதட்டோரம் சிரிப்பு. நான் கஞ்சியை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். மறுநாளும் திருப்பிக்கொண்டார். அன்றைக்கும் வைத்துவிட்டு வந்தேன். அப்புறம் அவர் விட்டுவிட்டார். கூப்பிட்டதும் திரும்பினார்.

எங்கள் குடும்பம் நல்ல குடும்பம் ஆகிவிட்டது. அவர் முன்னால் போனார், நான் பின்னால் போனேன். 'தா' என்றேன், 'உம்' என்றார். கிணற்றடியில் எனக்கு மரியாதை கூடியது. "இப்பத்தான் பொம்பளையா லட்சணமா கீற" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மாமியார் எனக்குத் தலைவாரிவிட ஆரம்பித்தாள். எனக்கு எல்லாம் புரிந்தது, ஒன்றும் பிடிக்கவில்லை. பக்கத்திலேயே இருந்த மனுஷன் எங்கேயோ வெளியூரில் இருப்பது போல இருந்தது.

ஒரு அறுப்பு முடிந்து, மறுபடி நடவு வந்தது. நாற்றங்காலில் நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்தோம், அவரும் நானும் மட்டும். பிடுங்கிய நாற்றை முடி முடியாகக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"கோயில்ல சத்தியம் பண்ணியே, என்னக் கேட்டா பண்ண?"

"நீ நெனப்பில்லாம கெடந்த. உன்ன எங்க கேக்கிறது?"

"பேரு என்னுது. அத வெச்சி நீ எப்பிடி சத்தியம் பண்ணலாம்?"

"உசுரு பொயச்சியா இல்லியா? அப்பறம் இன்னா?"

கட்டின முடியைக் கீழே போட்டார். "பொயச்சேன். பொயச்சி இன்னா பண்றேன்? கூப்புட ஆளில்லாம நூறு வயசு குந்திக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்?"

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. "எனக்குப் பயமா கீதுய்யா" என்றேன். உண்மை அதுதான். அவர் நாற்று முடிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நடவு அன்றைக்குக் காலையிலேயே இறங்கினோம். ஏரி நிரம்பியிருந்தது. சேற்றில் வரிசையாகப் பொம்பளைகள். எனக்கு வலது பக்கம் மாமியார், இடது பக்கம் பக்கத்து வீட்டுக்காரி. நாற்று முடிகளைச் சுமந்து வந்து வயலுக்குள் வீசுவது அவர் வேலை. வெயில் ஏறிய நேரம், எங்கள் பக்கம் நாற்றுத் தீர்ந்துவிட்டது. அவர் எதிர் வரப்பில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். காலடியில் முடிகள் குவிந்து கிடக்கின்றன.

"யோவ், நாத்து போடுய்யா," என்று ஒருத்தி கத்தினாள். திரும்பவில்லை. இன்னொருத்தி கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரி என்னை இடித்தாள். "இன்னாடி, ஜொரத்துல காதும் பூட்டுதா உன் வூட்டுக்காரருக்கு?"

எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் அசையாமல் நிற்கிறார். அந்த முதுகு எனக்குத் தெரியாதா? இத்தனை பேருக்கு நடுவில் என்னைக் கேட்கிறார். இன்றைக்கு நான் 'இந்தாய்யா' என்றால் திரும்பித்தான் ஆகவேண்டும், வேலை நிற்கிறதே. திரும்பி நாற்றைப் போடுவார். ஆனால் இனிமேல் எப்போதும் எனக்கு முதுகைக் காட்டி நிற்க மாட்டார். அது எனக்குத் தெரிந்தது.

நிமிர்ந்தேன். கன்றிப்போன உள்ளங்கை ஞாபகம் வந்தது. அம்மனிடம் மனசுக்குள் சொன்னேன்: தாயே, உன்னை ஊரே பேர் சொல்லிக் கூவுகிறது. கூப்பிடக் கூப்பிட ஆயுசு குறையும் என்றால் நீ எப்போதோ தேய்ந்து போயிருப்பாய். சத்தியத்தை மீறுவது நான். பிடிக்கிறதானால் என்னைப் பிடி. அவரைத் தொடாதே.

கூப்பிட்டேன். கிசுகிசுவென்று இல்லை. வயல் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டேன்.

அவர் திரும்பினார். அங்கிருந்தே, எனக்குக் குறையாத சத்தத்தில், "இன்னாமே!" என்றார்.

நட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. மாமியார் சேற்றுக் கையோடு என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"கல்பூரம் அணைச்ச கைடி அது. பொயச்சி வந்தவன மறுபடியும் அனுப்பறியா?"

எனக்கும் பொறுமை போய்விட்டது. அவளைப் புண்படுத்தும் என்று தெரிந்தேதான் கேட்டேன். இப்போதும் அதைக் கேட்டதற்காக நான் வருத்தப்படவில்லை.

"அத்த, நான் ஒண்ணு கேக்கிறேன். மாமா பேர நீ சொன்னியா?"

"இன்னாது?"

"ஒரு தபாவாவது உன் வாயால சொன்னியா?"

"சத்தியமா இல்ல. கனவுலகூடச் சொன்னதில்ல."

"அப்பறம் ஏன் பூட்டாரு?"

அவள் பிடி தளர்ந்தது. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் அவர் நாற்று முடிகளோடு சேற்றில் இறங்கி வந்துவிட்டார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளியே நின்றார். முடிகளை எங்கள் பக்கம் போட்டார். மாமியார் ஒன்றை எடுத்துப் பிரித்துக் குனிந்தாள். நானும் குனிந்தேன். வரிசை மறுபடி நகர ஆரம்பித்தது.

வயலில் பாதி தாண்டியிருப்போம். மாமியார் குனிந்தபடியே, நட்டுக்கொண்டே, ஒரு பேரைச் சொன்னாள். யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்து நான் சுற்றிலும் பார்த்தேன். அந்தப் பேரில் எங்கள் தெருவில் யாரும் கிடையாது. அப்புறம்தான் விளங்கியது. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இத்தனை வருஷத்தில் என் மாமனாரின் பேரை அவள் வாயால் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"வாந்திபேதின்னு ஆஸ்பத்திரிக்கு வண்டியில ஏத்திக்கினு போனாங்க," என்றாள். சேற்றைப் பார்த்துத்தான் பேசினாள். "தெரு ஜனமே அயுதுக்கினு கூவுது. நான் வண்டி பின்னால ஓடினேன். 'தா, தா'ன்னு கூவிக்கினே ஓடினேன். அவரு திரும்பல. அத்தினி பேரு சத்தத்துல, கூப்புடறது நான்தான்னு அவருக்கு எப்பிடிடி தெரியும்?"